சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு



போன எபிசோடில், கையில ஒட்டுற குளுக்கோஸ் சென்சர்களைப் பற்றிக் கதைத்தோம். அதற்குப் பிறகு வந்த மெயில்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "அம்மாவுக்கு ஒண்டு வாங்கிக் குடுக்கலாமா?" ஒன்று மட்டும் வேறு மாதிரி. அம்மா எடை குறைக்க ஒபரேஷன் செய்து மூன்று வருஷம். இப்ப கொஞ்ச நாளாகச் சாப்பிட்ட பிறகு வேர்க்குது, கை நடுங்குது. அமெரிக்காவில் இருக்கிற கசின் அனுப்பின சென்சரை ஒட்டிப் பார்த்தால் 56 காட்டுது. "இது லோ சுகரா, இல்லை சென்சர் பிழையா?"

இதுக்கு ஒரு வரியில் பதில் இல்லை. மைக்குக்கு முன்னால் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகவும் விருப்பம் இல்லை. அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க இதுதான். எனக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. ஸ்காபரோவில் இருக்கிற என் சித்திக்கு இதே வருத்தம். கண்டுபிடிக்கப் பதினாலு மாதம் எடுத்தது. "பேரைப் போடாத தம்பி, மற்றதெல்லாம் எழுது, ஆருக்காவது உதவும்" என்று சித்தியே சொன்னதால் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, சொஃப்ட்வெயர் எழுதுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கோ.

சித்திக்கு 2019இல் கேஸ்ட்ரிக் பைபாஸ் நடந்தது. இரைப்பையை ஒரு முட்டை அளவு பைக்குச் சுருக்கி, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். அதற்கு முதல் சித்திக்குச் சீனி வருத்தம் இருந்தது, குளிசை போட்டவர். ஒபரேஷன் முடிந்து கொஞ்ச நாளிலேயே குளிசை தேவைப்படவில்லை. வீட்டில் எல்லாருக்கும் கொண்டாட்டம். சீனி கூடின ஆளுக்கு ஒருநாள் சீனி ஆபத்தாக இறங்கும் என்று அப்போது ஆர் நினைத்தது?

ஏன் இறங்குது என்பதை நம்ம ஆட்களுக்கு விளக்குவது சுகம், ஏனென்றால் இது ஒரு கன்ட்ரோல் லூப் பிரச்சினை. சாதாரண வயிற்றில் கீழ்வாசலில் ஒரு வால்வு இருக்கு. அது சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வால்வு வழியில் இல்லை. இடியப்பமும் சொதியும் நேரே குடலுக்குள் போய்க் கொட்டுது. இரத்தத்தில் குளுக்கோஸ் ராக்கெட் மாதிரி ஏறும். குடல் அதைப் பார்த்து ஜி.எல்.பி-1 என்ற ஹோர்மோனை வழமையைவிடப் பல மடங்கு விடும். அது கணையத்திடம் "இன்சுலினை விடு" என்று கத்தும். கணையமும் விடும். ஆனால் சாப்பாடு அதற்குள் உறிஞ்சப்பட்டு முடிந்திருக்கும், இன்சுலின் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இன்புட் நின்ற பிறகும் லூப் தள்ளிக்கொண்டே இருக்கு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் குளுக்கோஸ் தரைக்குப் போகும்.

ஓசெம்பிக் ஊசி செய்கிற வேலையும் இதே ஜி.எல்.பி-1 வாசலில்தான். ஊரெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற சிக்னலை, பைபாஸ் செய்த உடம்பு ஓசியில் அளவுக்கு மீறித் தருகிறது.

இதை மருத்துவ உலகம் கவனமாகப் பார்க்கத் தொடங்கியது 2005இல். அமெரிக்காவின் மயோ கிளினிக் டொக்டர்கள் பைபாஸுக்குப் பிறகு இப்படி விழுந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பெருகியிருப்பதுதான் காரணம் என்று அவர்கள் நினைத்தார்கள், கணையத்தின் ஒரு பகுதியை வெட்டியும் எடுத்தார்கள். அடுத்த வருடமே மறு ஆய்வு செய்தவர்கள், செல்கள் பெருகியதாகத் தெரியவில்லை என்றார்கள். இன்றைக்குக் கணையத்தை வெட்டுவது கிட்டத்தட்டக் கைவிடப்பட்ட வழி. சரியாக விளங்காத வருத்தத்துக்கு வைத்தியம் அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

"அந்தரமாக் கிடக்கு"

சித்திக்கு 2021 கடைசியில் தொடங்கியது. காலமை எட்டு மணிக்குப் பாணும் ஜாமும், சீனி போட்ட தேத்தண்ணியும். பத்து மணிக்கு வேலையிடத்தில் வேர்த்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கும். குடும்ப டொக்டரிடம் போனபோது போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். சித்தி சொன்னது, "ஒரு மாதிரி அந்தரமாக் கிடக்கு." மறுபக்கத்தில் அது 'ஆங்ஸைட்டி' ஆகிப் போனது. அந்தரம் என்றால் மனப்பதற்றமும்தான், ஆனால் யாழ்ப்பாணத்து வாயில் அது உடம்பு படுகிற பாட்டையும் சொல்லும். அந்த ஒற்றைச் சொல்லில் சித்திக்கு நாலு மாதம் மனப்பதற்றக் குளிசை.

இரத்தமும் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் சீனி சரி. ஏ1சி சரி. "எல்லாம் நோர்மல்." அதிசயம் இல்லை. இந்த வருத்தத்தில் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். ஏ1சி மூன்று மாதச் சராசரி. 12க்கு ஏறி 2.7க்கு இறங்குகிற கிராஃபைச் சராசரி எடுத்தால் அழகான ஒரு நடு இலக்கம் வரும். போதாக்குறைக்கு, பைபாஸுக்குப் பிறகு நிறையப் பேருக்கு இரும்புச்சத்துக் குறைவு வரும், அதுவும் ஏ1சியைக் குழப்பும்.

பிறகு ஒரு நாள் மார்க்கம் ரோட்டில் சித்தியின் கார் சிவப்பு விளக்கில் நின்றது. பச்சை வந்தது. கார் நகரவில்லை. திரும்பச் சிவப்பு, திரும்பப் பச்சை. பின்னால் எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறார்கள். ஒரு பெடியன் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினபோது சித்தி முழித்துக்கொண்டுதான் இருந்தாவாம், ஆனால் அவன் என்ன கேட்கிறான் என்று விளங்கவில்லை. கார் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் இது வராதது எங்கள் குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கோ. வேர்வை, நடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் உடம்பு அடிக்கிற அலாரம். பேச்சுக் குழறுவது, குழம்புவது, மயங்கி விழுவது, வலிப்பு, இதெல்லாம் மூளைக்கே குளுக்கோஸ் பத்தாமல் போனதற்கு அடையாளம். அடிக்கடி இறங்கினால் முதல் வகை அலாரம் மழுங்கிப்போகும். ஆள் வேர்க்காமலே நேரே குழம்புவார். பிரஷருக்குப் போடுகிற பீட்டா புளொக்கர் குளிசையும் படபடப்பை மறைக்கும். டொக்டரிடம் "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் இந்த வித்தியாசம் தொலைந்துவிடும். நாங்கள்தான் இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கிறோம். அம்மா சொன்னதை ஒரு ஆங்கிலச் சொல்லாகச் சுருக்காமல், என்ன நடந்தது என்று சொல்லுங்கோ: "பத்து நிமிஷம் நான் கேட்டதுக்கு மாறி மாறிப் பதில் சொன்னா."

இன்னொரு குழப்பமும் உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் படபடப்பு, முகம் சிவத்தல், வயிற்றாலை போவது வரலாம். அதை டம்பிங் என்பார்கள். அது ஒபரேஷன் முடிந்த கையோடு வருகிற விஷயம், அப்போது குளுக்கோஸ் குறைந்திருக்காது, காலப்போக்கில் குறையவும் செய்யும். நாங்கள் கதைக்கிறது அதுவல்ல. இது பெரும்பாலும் ஒரு வருஷம் கடந்த பிறகு தொடங்கும், சாப்பிட்டுக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். எல்லாரும் ஒபரேஷனையே மறந்திருப்பார்கள். சித்தியின் பைலில் ஒபரேஷன் விபரம் இருந்தது, ஆனால் ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றும் ஒரே நேரத்தில்

நியூயோர்க்கில் அலன் விப்பிள் என்று ஒரு சத்திரசிகிச்சை டொக்டர் இருந்தார். கணைய ஒபரேஷன்களில் பெரிய பேர். 1930களில் அவருக்கு ஒரு சிக்கல்: "எனக்குச் சீனி இறங்குது" என்று வருகிற எல்லாரையும் வெட்ட முடியாது, அப்படியானால் ஆரை வெட்டுவது? அவர் மூன்று நிபந்தனை வைத்தார். சீனி இறங்கினால் வருகிற அறிகுறிகள் இருக்க வேண்டும். அந்த நேரத்திலேயே எடுத்த இரத்தத்தில் குளுக்கோஸ் குறைவாக இருக்க வேண்டும். குளுக்கோஸ் கொடுத்ததும் அறிகுறி போக வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால் நடுவில் இருப்பது 'அண்ட்', 'ஓர்' இல்லை. கிட்டத்தட்ட 90 வருஷம் ஆகியும் டொக்டர்கள் இன்னும் இதில்தான் நிற்கிறார்கள்.

குறைவு என்றால் எவ்வளவு? 3.9க்குக் கீழே போனால் கவனி, 3.0க்குக் கீழே போனால் ஆபத்து. இது கனடாவிலும் இங்கிலாந்திலும் பாவிக்கிற மில்லிமோல் கணக்கு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மில்லிகிராம் கணக்கு. 18ஆல் பெருக்குங்கோ, 70ம் 54ம் வரும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் நியூஜேர்சிக்காரர் 56 என்று போட, இங்கே ஆரோ "ஐயோ 56ஆ, ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்று அலற, சென்னையில் இருக்கிற மாமா "நூறுக்குக் கீழ நல்லதுதானே" என்று பதில் போட... உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். மெயில் அனுப்பினவரின் 56 எங்கள் கணக்கில் 3.1. எல்லையோரம்.

அதுவும் சென்சரின் 3.1. இங்கேதான் எங்கள் துறையின் பங்கு வருகிறது. இந்தச் சென்சர் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்குக் கீழே செல்களுக்கு நடுவில் இருக்கிற திரவத்தை அளக்கிறது. அது இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்னால்தான் வரும். குளுக்கோஸ் மெதுவாக நகர்ந்தால் பெரிய விஷயம் இல்லை. இந்த வருத்தத்தில் அது மலையிலிருந்து விழுகிற மாதிரி விழும், அந்த நேரத்தில் சென்சர் காட்டுவது கொஞ்சம் பழைய செய்தி. அதோடு, இலக்கம் குறையக் குறைய எல்லாச் சென்சர்களின் துல்லியமும் குறையும். வருத்தமே இல்லாத ஆட்களுக்கும் எப்போதாவது 3.9க்குக் கீழே காட்டும்.

சித்திக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் கடைசியில் 14 நாள் சென்சர் ஒட்டிவிட்டார். இரண்டாம் நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு அலாரம்: 2.9. வீடே எழும்பிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தால் 5.4. சித்தி சென்சர் இருந்த கைப்பக்கம் படுத்திருக்கிறார். அழுத்தத்தில் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து பொய்யான குறைவு காட்டியிருக்கு. இது தெரிந்த கோளாறு, சென்சர் பழுதில்லை. ஆனால் அதே 14 நாளில் வேறொரு கோலம் தெளிவாகத் தெரிந்தது. காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏற்றம், ஒன்றரை இரண்டு மணித்தியாலத்தில் விழுகை, அநேகமாக ஒவ்வொரு நாளும். இலக்கத்தைவிட நேரமுத்திரைதான் கதை சொன்னது. சாப்பிட்ட பிறகு மட்டும் விழுந்தால் ஒரு பாதை. பட்டினியில், இரவில், உண்மையாகவே விழுந்தால் அது வேறு பாதை: கணையத்தில் கட்டி இருக்கா, கோர்ட்டிசோல் குறைவா என்று தேட வேண்டும், சிலரை ஆஸ்பத்திரியில் வைத்து 72 மணித்தியாலம் வரை பட்டினி போட்டும் பார்ப்பார்கள்.

ஆக, சென்சர் சந்தேகத்துக்கு நல்ல சாட்சி, தீர்ப்புக்குப் போதாது. அதிலும் எந்தச் சென்சர் என்பது முக்கியம். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய முதல் சென்சராக டெக்ஸ்கொம்மின் ஸ்டெலோவுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த அறிவிப்பிலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள்: சீனி ஆபத்தாக இறங்குகிற பிரச்சினை உள்ளவர்களுக்கு இது இல்லை, இறங்கினால் எச்சரிக்கை செய்ய இது வடிவமைக்கப்படவில்லை. விளம்பரத்தில் ஓடுகிற வாலிபப் பெடியளுக்கு அது பரவாயில்லை. பைபாஸ் செய்த உங்கள் அம்மாவுக்கு, எந்த ஆபத்துக்காக வாங்குகிறீர்களோ அந்த ஆபத்தில் வாய் திறக்காத கருவி அது. கசின் பாசத்தில்தான் அனுப்பியிருப்பார். ஆனால் கேட்க வேண்டியது டொக்டரிடம், குறைவு அலாரம் உள்ள சென்சரை.

சோதனை நாள்

பிறகு சித்திக்குக் கலப்பு உணவுச் சோதனை வைத்தார்கள். மாச்சத்தும் புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு பானத்தைக் குடிக்கக் கொடுத்து, ஊசி ஒன்றைக் கையில் ஏற்றி வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். கர்ப்பகாலத்தில் கொடுக்கிற வெறும் குளுக்கோஸ் பானச் சோதனை இதற்குச் சரிவராது. அவ்வளவு குளுக்கோஸை ஒரேயடியாகக் குடித்தால் பைபாஸ் செய்த, எந்தக் கரைச்சலும் இல்லாத ஆட்களுக்கும் கீழே விழும். வருத்தம் இல்லாதவருக்கும் பட்டம் கட்டிவிடும். உங்கள் வீட்டில் ஆருக்காவது அந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தால், "பைபாஸ் செய்தவர், இது பொருந்துமா?" என்று ஒருக்கால் கேளுங்கோ. கேட்பதில் பிழை இல்லை.

நான் பக்கத்தில் இருந்தேன். முதல் அரை மணித்தியாலத்தில் 12.1. ஒன்றரை மணித்தியாலத்தில் 4.0. சித்தி அதுவரை சின்னமகளின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டச் சொற்கள் இழுபட்டன, மண்டபத்தின் பேரை மூன்று தரம் பிழையாகச் சொன்னார். நேர்ஸ் உடனே இரத்தம் எடுத்தார்: 2.7. குளுக்கோஸ் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் சித்தி எங்களைப் பார்த்து, "ஏன் எல்லாரும் என்னைப் பார்க்கிறியள்?" என்று கேட்டார். விப்பிளின் மூன்றும் ஒரே கதிரையில்.

அந்த 2.7 இரத்தத்தில் வேறு விஷயங்களும் பார்த்தார்கள். குளுக்கோஸ் அவ்வளவு கீழே இருக்கும்போது கணையம் இன்சுலினை நிறுத்தியிருக்க வேண்டும்; சித்தியுடையது நிறுத்தவில்லை. சி-பெப்டைட் என்ற இன்னொன்றும் கூட இருந்தது. அது இன்சுலினோடு சேர்ந்து கணையத்திலிருந்து வருவது, ஊசியில் போடுகிற இன்சுலினில் இருக்காது. ஆகவே வெளியிலிருந்து ஏற்றியதில்லை, சொந்தக் கணையத்தின் வேலைதான். ஆனால் சல்ஃபோனைல்யூரியா வகைக் குளிசைகளும் கணையத்தை இப்படி விரட்டும். அதனால் வீட்டில் இருக்கிற குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொன்னார்கள், இரத்தத்திலும் தேடினார்கள். எங்களுக்கு முதலில் கொஞ்சம் கோபம். பிறகு யோசித்தால் நியாயம்தான்: சித்தப்பாவின் கிளிக்லசைட் அதே லாச்சிக்குள்தான் கிடந்தது. தமிழ் வீடுகளில் ஆற்றை குளிசையை ஆர் போடுகிறது என்பது பெரிய புதிர். சோதனையில் ஒன்றும் இல்லை. பைபாஸுக்குப் பிந்திய சீனி இறக்கம் என்று அன்றைக்குத்தான் பேர் கிடைத்தது.

லாப் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கு. எடுத்த இரத்தத்தைச் சாதாரண குழாயில் மேசையில் விட்டால், இரத்த செல்கள் உள்ளே இருக்கிற குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணித்தியாலத்துக்கு ஐந்து, ஏழு வீதம் மட்டில் குறையும். உடனே பிரிக்க வேண்டும், அல்லது ஃப்ளோரைட் போட்ட குழாயில் எடுக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் லாப் ரிப்போர்ட்டில் மட்டும் 2.9 வந்தால் இதையும் யோசியுங்கோ.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கு, அதுக்கு ஆப் கூடத் தேவையில்லை. அம்மாவின் போனில் ஒரு நோட் திறந்து, வந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது என்ன, உடம்பு என்ன செய்தது, விரலில் குத்தினால் என்ன இலக்கம், என்ன கொடுத்தீர்கள், எத்தனை நிமிடத்தில் தெளிந்தது என்று எழுதுங்கோ. "சோறு" என்று எழுதாமல் "ஒண்டரைக் கோப்பைச் சோறு, பருப்பு, மீன் இல்லை" என்று எழுதுங்கோ. ஓபரேஷன் நடந்த மாதமும் வகையும் மேலே இருக்கட்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இது வரலாம், பைபாஸைவிடக் குறைவு. ஸ்பெஷலிஸ்ட் சித்தியின் மகள் எழுதின பதினொரு வரியை வாசித்த பிறகுதான் சென்சர் ஒட்டினார்.

வைத்தியம் முதலில் தட்டிலிருந்துதான் தொடங்குது. மாச்சத்தைக் குறைத்து, சிறு சிறு சாப்பாடாக, எப்போதும் புரதத்தோடு. சித்தி இப்ப இரண்டு இடியப்பம், கூட முட்டையும் கடலையும். சீனித் தேத்தண்ணி இல்லை. அதிலும் அடங்காவிட்டால் அக்கார்போஸ், டயஸொக்சைட் என்று மருந்துகள் இருக்கு. அவெக்சிடைட் என்ற ஒன்று மூன்றாம் கட்டப் பரிசோதனை வரை போயிருக்கு; அது அந்த ஜி.எல்.பி-1 வாசலையே அடைக்கிறது, அதன் மூலம் ஹீலா மொன்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலில் கண்ட ஒரு புரதம். சர்க்கரை வருத்தத்துக்கு வந்த முதல் ஜி.எல்.பி-1 ஊசிக்கும் அதே பல்லிதான் மூலம். ஒரே எச்சில், ஒன்று வாசலைத் திறக்குது, மற்றது பூட்டுது.

இறங்கின நேரத்தில் ஒரு போத்தல் ஜூஸை முழுசாகக் குடிக்க விடாதையுங்கோ. அது திரும்ப ராக்கெட்டை ஏற்றி, திரும்ப விழுத்தும். அளவாகக் குளுக்கோஸ், தெளிந்ததும் கொஞ்சம் புரதம். எவ்வளவு என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கோ. மயங்கிக் கிடக்கிறவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழையுங்கோ.

சித்தி அக்கார்போஸ் போடுகிறார், சாப்பாட்டின் முதல் வாயோடு. அந்தக் குளிசை சாதாரண சீனி உடைவதையே பிந்தவைக்கும். அதனால் அவருக்கு இறங்கினால் சீனியோ டொஃபியோ நேரத்துக்கு வேலை செய்யாது, மருந்துக்கடையில் விற்கிற குளுக்கோஸ் குளிசைதான் வேணும். டொக்டர் ஆறு மாதம் கார் ஓட வேண்டாம் என்றார், பிறகு விட்டார். இப்ப காரில் கோப்பை வைக்கிற இடத்தில் ஒரு குழாய், கைப்பையில் ஒன்று, வேலையிடத்து லொக்கரில் ஒன்று. பக்கத்து லொக்கர்க்காரிக்கும் எங்கே இருக்கு என்று காட்டி வைத்திருக்கிறார்.